மழைத்தண்ணீர் விட்ட கதை: கோண்டாவிலில் நாலு வருட வோட்டர் கூலிங்

கலியாண வீடியோ, சாமத்தியவீட்டு வீடியோ எடிற் பண்ணுவதுதான் என் தொழில். ஆவணியில் முகூர்த்தங்கள் நெருங்கினால், வெட்டி ஒட்டியதை முழு வீடியோவாக்கும் ரெண்டர் வேலை இரவிரவாக ஓடும். 2021 செப்ரெம்பரில் என் கணினிக்கு வோட்டர் கூலிங், அதாவது தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை எடுக்கும் ஏற்பாடு, போட்டேன். ஆயத்தமாகப் பூட்டி வரும் சாமான் இல்லை; பம்ப், தண்ணீரின் சூட்டைக் காற்றுக்கு விடும் ரேடியேற்றர், சூடாகும் சிப்பின் மேல் உட்காரும் புளொக், ரியூப் என்று தனித்தனியாக வாங்கி நானே பூட்டியது. பாதி கொழும்பில் இருந்து வந்தது, மீதி கனடாவில் இருந்து வந்த மச்சானின் பெட்டிக்குள் வந்தது. எல்லாமாக ஒன்றரை இலட்சத்தை நெருங்கியது. அப்போது டொலர் இருநூறு ரூபாய்.

உள்ளே இருப்பது ரைசன் 9 5900எக்ஸ் புரொசசர், ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்ட். முழு வேலையில் முதலாவது 142 வாற் வரை இழுக்கும், இரண்டாவது 220 வாற். இரண்டும் சேர்ந்தால் சின்ன இஸ்திரிப்பெட்டி ஒன்று மேசைக்குக் கீழே எரிகிற மாதிரி. இந்தச் சூட்டை வெளியே தள்ள 360 மில்லிமீற்றர் ரேடியேற்றர் ஒன்றும் 240 ஒன்றும் போட்டேன். இரண்டும் செம்பு. புளொக் செம்பாக இருக்கும்போது அலுமினிய ரேடியேற்றரைப் போட்டால், தண்ணீருக்குள் இரண்டு உலோகமும் பற்றரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்துப் போகும். மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கிவிட வேண்டாம்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் என் அறை 32, 33 பாகையில் நிற்கும். அதற்குக் கீழே எந்த ரேடியேற்றராலும் தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. வேலை நடக்கும்போது தண்ணீர் 42, புரொசசர் 72, கிராபிக்ஸ் கார்ட் 53. முன்பு காற்றுக் கூலரில் ஓடியபோது புரொசசர் 81, கார்ட் 76. அதாவது புரொசசருக்குப் பெரிய லாபம் இல்லை. இவ்வளவு செலவழித்து ஒன்பது பாகைதானா என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்ல வேண்டும். கார்டுக்குத்தான் உண்மையான லாபம்.

சத்தம் குறைந்தது. ஆனால் தலைக்கு மேலே சீலிங் ஃபான் சுற்றுகிற ஊரில் கணினியின் அமைதியை யார் கேட்பது? குரல்பதிவு செய்யும் பத்து நிமிடம் ஃபானை நிறுத்தும்போது மட்டும் அது தெரியும். வியர்வையும் அப்போதுதான் வரும்.

தண்ணீர்தான் சூட்டை வாங்கி வைத்திருக்கிறது என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.18 கிலோஜூல் போதும். என் கணினி அதைப் பன்னிரண்டு செக்கனுக்குள் கொடுத்துவிடும். தண்ணீர் வெறும் சுமைதூக்கி, வேலை செய்வது ரேடியேற்றர். ஒரே ஒரு நன்மை, சூடு மெல்ல ஏறி மெல்ல இறங்குவதால் ஃபான்கள் நிமிடத்துக்கு ஒருதரம் சீறாது.

பம்ப் டி5 வகை. நாலு வருடத்தில் ஒரு நாளும் கரைச்சல் தரவில்லை. அறுபது வீத வேகத்தில் விட்டிருக்கிறேன், கூட்டினாலும் வெப்பநிலை அசையவில்லை. தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட விடக்கூடாது. அதன் உள்பாகத்துக்கு வழுக்கலும் குளிர்ச்சியும் அந்தத் தண்ணீர்தான்.

சரி, கரைச்சல் எல்லாம் எங்கே வந்தது? மிக மலிவான இரண்டு சாமான்களில்: ரியூபிலும் தண்ணீரிலும்.

முதலில் போட்டது கண்ணாடி மாதிரித் தெளிவான பிவிசி ரியூப். பார்க்க வடிவாக இருந்தது. எட்டு மாதத்தில் பால் கலந்த மாதிரி மங்கிவிட்டது. 2022 யூனில் புரொசசர் 84 பாகை காட்டத் தொடங்கியது, ஆனால் தண்ணீர் அதே 42. எனக்கு வழிகாட்டியது இந்த வித்தியாசம்தான். தண்ணீரே சூடாகிறது என்றால் ரேடியேற்றரில் தூசி, சோளகம் அடிக்கும் மாதங்களில் எங்கள் செம்மண் அதற்குள் போய் அடைந்துவிடும். தண்ணீர் சாதாரணமாக இருந்து புரொசசர் மட்டும் கொதித்தால் அடைப்பு புளொக்குக்குள். தண்ணீருக்கு ஒரு வெப்பமானி பூட்டாமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. சில நூறு ரூபாய்ச் சாமான், ரிசர்வாயர் என்னும் தண்ணீர்த் தொட்டி வாங்கும்போதே வாங்கிவிடுங்கள்.

புளொக்கைக் கழற்றினேன். செம்புத் தகட்டில் சீப்புப் பல் மாதிரி வரிகள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடைவெளி அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அதன் நடுவில், தண்ணீர் வந்து இறங்கும் கோட்டில், வெள்ளையாக ஒரு பசை. விரலில் தொட்டால் மெழுகு மாதிரி இழுபட்டது. பிவிசியை மெதுவாக்கச் சேர்க்கும் பொருள் கசிந்து வந்து அங்கே தங்கியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு ஒரு மணித்தியாலம் தேய்த்தேன்.

கழுவியாயிற்று, திருப்பி ஊற்றக் கூலன்ற் (கிருமிகொல்லியும் துருத்தடுப்பும் சேர்ந்த திரவம்) இல்லை. அது 2022. நாடு இருந்த நிலை தெரியும்தானே, பெற்றோலுக்கு வரிசை, இறக்குமதிச் சாமானுக்கு வரிசையும் இல்லை. கொழும்புக் கடையில் கூலன்ற் இல்லை, எனக்குத் தெரிந்த கடையில் காய்ச்சி வடித்த தண்ணீரும் இல்லை. எங்கள் கிணறு சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கிறது, கேத்தல் அடியைப் பார்த்தாலே தெரியும். பெரியப்பா ஒரு ஏ40 கார் வைத்திருக்கிறார், என்னைவிட வயது கூடியது. அவரிடம் கேட்டேன்.

“கிணத்துத் தண்ணி விட்டிடாதை தம்பி, கட்டிப்போகும். நான் ரேடியேற்றருக்கு மாரித்தண்ணிதான் விடுறனான். கானிலை கிடக்கு, கொண்டுபோ.”

கொண்டுபோனேன். துணியில் வடித்து, கொதிக்க வைத்து, ஆறவிட்டு ஊற்றினேன். கிருமிகொல்லி இல்லை, துருத்தடுப்பு இல்லை. மூன்று மாதத்தில் ரிசர்வாயரின் உள்சுவரில் பச்சை படர்ந்தது. கையால் தொட்டால் குளத்துப்படி மாதிரி வழுக்கல். பெரியப்பா சொன்னது பிழையில்லை, அவரது காருக்குச் சரி. கார் இயந்திரத்தில் தண்ணீர் எண்பது, தொண்ணூறு பாகைக்குப் போகும், பாசி பிழைக்காது. என்னுடையதில் 42 பாகை, பக்கத்தில் யன்னல் வெளிச்சம், நாள் முழுக்கச் சுற்றோட்டம். பாசிக்கு இதைவிட வசதியான வீடு எங்கே கிடைக்கும்?

2023 தொடக்கத்தில் மச்சான் திரும்ப வந்தபோது கறுப்பு ஈபிடிஎம் இறப்பர் ரியூப் கொண்டுவரச் சொன்னேன். அதில் கசிந்து வர மெதுவாக்கி இல்லை, வெளிச்சமும் புகாது. உள்ளே தண்ணீர் ஓடுவது தெரியாது, அழகுக்காகப் போடுபவர்கள் விரும்பமாட்டார்கள். கூடவே நூறு மில்லிலீற்றர் அடர் கூலன்ற் போத்தல்கள் சில. கலந்த கூலன்ற் லீற்றர் கணக்கில் பெட்டிக்குள் சுமப்பது வீண், அடர்த்தியானதை வாங்கி இங்கே காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கலாம். பால் மாதிரி நிறக் கூலன்ற்களைத் தொடவே வேண்டாம், அவற்றில் இருக்கும் துகள்கள் படிந்துவிடும்.

அந்த மாற்றத்தின்போது ரியூபைப் பூட்டும் ஒரு ஃபிற்றிங்கின் ஓ-றிங்கை, அதாவது கசிவைத் தடுக்கும் இறப்பர் வளையத்தை, முறுக்கிப் பூட்டிவிட்டேன். கார்டின் முதுகில் ஏழெட்டுத் துளி. நல்ல வேளையாகப் பம்புக்கு மட்டும் தனியாக மின்சாரம் கொடுத்து, மற்றதெல்லாம் கழற்றிவிட்டு, கீழே ரிஷ்யூ விரித்துத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். கார்டைக் கழற்றி இரண்டு நாள் ஃபானுக்கு முன்னால் வைத்தேன், பிழைத்தது. போத்தலில் மின்கடத்தாது என்று எழுதியிருப்பது புதுக் கூலன்றுக்குத்தான். சுற்றுக்குள் சில மாதம் ஓடினால் உலோகம் கரைந்து கடத்தத் தொடங்கும்.

அதற்குப் பிறகு அமைதி. தைப்பொங்கல் கழிந்ததும் வருடத்துக்கு ஒருதரம் தண்ணீர் மாற்றுகிறேன், அரை நாள் போகும். புளொக்கைத் திறந்து பார்த்தால் வரிகள் சுத்தம். இடையில் ரியூப் வழியாக ஆவியாவதற்குக் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும்.

திரும்பச் செய்வேனா? புரொசசருக்கு மாட்டேன், நல்ல காற்றுக் கூலர் போதும். கார்டுக்குச் செய்வேன், ஆனால் ஒரு எரிச்சல்: கார்டின் புளொக் அந்த ஒரு மாதிரிக்கு மட்டும்தான் பொருந்தும். கார்டை மாற்றும் நாளில் அவ்வளவு செம்பும் பழைய இரும்புக்காரனுக்கு. ரேடியேற்றரும் பம்பும் இன்னும் இரண்டு கணினி காணும்.

மிச்சமிருக்கும் அடர் கூலன்ற் பச்சை நிறம். முதலில் குசினி அலுமாரியில் வைத்திருந்தேன். “இதென்ன நெல்லிரசமோ?” என்று கேட்டு அம்மா மூடியைத் திறக்கப் போன நாளில் அதை ரூல்ஸ் பெட்டிக்கு மாற்றி, மேலே கொட்டை எழுத்தில் நஞ்சு என்று எழுதி ஒட்டிவிட்டேன்.