மஞ்சள் வைர மோதிரம்: 14 மாதம் விரலில் இருந்த பிறகு

என் நிச்சயதார்த்த மோதிரத்தில் இருப்பது 72 சென்ட் (0.72 காரட்) எடையுள்ள மஞ்சள் வைரம். குஷன் வடிவம் (முனை மழுங்கிய சதுரம்), பிளாட்டின வளையம், கல்லுக்கு அடியில் மட்டும் 18 காரட் மஞ்சள் தங்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்றி வைப்பேன். மற்றபடி விரலிலேயே கிடக்கிறது. கல்லுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். மோதிர வேலைக்கு முக்கால். விற்ற கடைக்கு எவ்வளவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நிறம் ஒப்பிடுவது என் வேலை. வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துண்டும் நாங்கள் சாயமேற்றிய துண்டும் ஒரே நிறம்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஓர் ஒளிப்பெட்டி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் பகல் வெளிச்சம், அடுத்ததை அழுத்தினால் குண்டு பல்பு, மூன்றாவது கடை விளக்கு, நான்காவது புற ஊதா. பகல் வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒத்துப்போன இரண்டு துண்டுகள் குண்டு பல்பின் கீழ் ஒன்றையொன்று அறியாதவைபோல் நிற்கும். 11 ஆண்டுகளாக இதையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு நகைக்கடை விளக்குகளின் மேல் நம்பிக்கை வருமா?

முதலில் நீலம்தான் வேண்டும் என்றிருந்தேன். வைரத்துக்குள் போரான் துளியளவு புகுந்தால் நீலம். ஹோப் என்ற புகழ்பெற்ற 45.52 காரட் நீல வைரத்தின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி விளக்கை அணைத்தால், அது சிறிது நேரம் தணல்போலச் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் என்று படித்த நாளிலிருந்து அந்த ஆசை. இயற்கை நீலம் எங்கள் கைக்கு எட்டாது என்பது முதல் கடையின் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. இளஞ்சிவப்பும் அப்படியே. உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் பெரும்பகுதியைத் தந்துகொண்டிருந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்தை 2020 நவம்பரில் மூடிவிட்டார்கள்.

எட்டுகிற விலையில் ஒரு நீலத்தையும் காட்டினார்கள். கதிர்வீச்சு ஏற்றி நிறம் வரவழைத்த கல். சாயம் ஏற்றிப் பிழைக்கிற நான் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மோதிரத்தைச் சரிசெய்ய ஆசாரி ஊதுகுழலைக் காட்டினால் அந்த நிறம் மாறிவிடக்கூடும். மேற்பூச்சு மட்டும் பூசிய கற்கள் இன்னும் மோசம், உரசலிலேயே போய்விடும். ஆய்வகத்தில் வளர்த்த கற்களும் வைரம்தான், அவற்றின் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து வந்த கல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் எனக்கு நிச்சயமானவர். பாதிப் பணம் அவருடையது என்பதால் பேச்சு அங்கேயே முடிந்தது.

அப்படித்தான் மஞ்சளுக்கு வந்தோம். நைட்ரஜனால் வரும் நிறம் இது. வண்ண வைரங்களில் மற்றவற்றை நோக்க எளிதாகக் கிடைப்பது. வெள்ளை வைரங்களை ஜி.ஐ.ஏ. என்ற அமெரிக்க ரத்தினக்கல் ஆய்வகம் 'டி' முதல் 'இஸட்' வரை தரம் பிரிக்கிறது. மஞ்சள் சாயல் ஏற ஏற எழுத்து இறங்கும், விலையும் இறங்கும். 'இஸட்'டைத் தாண்டிய உடனே கதை தலைகீழாகிறது: எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு மதிப்பு. ஃபேன்சி லைட், ஃபேன்சி, ஃபேன்சி இன்டென்ஸ், ஃபேன்சி விவிட் என்று படிகள் ஏறும். வெள்ளைக் கல்லைக் கவிழ்த்து வைத்து நிறம் பார்ப்பார்கள். வண்ணக் கல்லை முகம் மேலே இருக்க வைத்துப் பார்ப்பார்கள். அணிந்தால் தெரிகிற முகம் அதுதான் என்பதால் எனக்கு இது நியாயமாகவே பட்டது. சான்றிதழில் நிறத்தின் கடைசிச் சொல்தான் முதன்மை நிறம் என்பதையும் கவனிக்க வேண்டும். 'பிரவுனிஷ் யெல்லோ' என்றால் பழுப்பு ஓடிய மஞ்சள், மஞ்சள் ஓடிய பழுப்பு அல்ல.

மூன்றாவது கடையில் இரண்டு கற்கள் எதிரே வந்தன. ஒன்று ஃபேன்சி இன்டென்ஸ், மற்றொன்று வெறும் ஃபேன்சி. முதலாவதின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடை விளக்கின் கீழ் அது எரிந்தது. அடுத்தது அதன் ஏழைத் தங்கைபோல் உட்கார்ந்திருந்தது. "வேறு யோசனையே வேண்டாம் மேடம்," என்றார் விற்பனையாளர். என்னவரும் தலையாட்டினார், பணத்தை நினைத்துச் சற்று மெதுவாக.

வாசலருகே இருந்த சன்னலுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். தயங்கினார்கள். உள்ளேயிருந்து வயதான ஒருவர் எழுந்து வந்து, இரண்டு கற்களையும் மடித்த வெள்ளைக் காகிதத்தில் வைத்துத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். சன்னலடியில், பகல் வெளிச்சத்தில், விலை கூடிய கல் வெளுத்துப் போயிற்று. முழுதாக அல்ல, ஆனால் தங்கைக்கும் அதற்கும் இருந்த தூரம் பாதியாகக் குறைந்துவிட்டது.

கைப்பையில் வேலைக்கு வைத்திருக்கும் சின்னப் புற ஊதா டார்ச் இருந்தது. கையைக் குவித்து இருட்டாக்கி அடித்தேன். விலை கூடிய கல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. மற்றது அசையவே இல்லை.

இது எனக்குப் பழக்கப்பட்ட வித்தை. வெள்ளைத் துணியின் பழுப்பை மறைக்க நீலம் போடுகிறோமே, அதன் நவீன வடிவம் ஒளிர்வெண்மைப் பொருள்: வெயிலிலிருக்கும் புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும், மஞ்சள் மட்டுப்பட்டுத் துணி வெள்ளையாகத் தெரியும். அந்தக் கல் தனக்குத்தானே நீலம் போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளை வைரத்தில் இந்தக் குணம் சில சமயம் வரம். மஞ்சளைத் தேடிப் போனவளுக்கு நஷ்டம். சான்றிதழைத் திருப்பிப் பார்த்தால் 'ஃப்ளோரசன்ஸ்: ஸ்ட்ராங் புளூ' என்று ஒரு வரி. அதுவரை அந்த வரியை எங்களிடம் யாரும் படித்துக் காட்டவில்லை.

பெரியவர் சிரித்துவிட்டார். "இனி நான் மறைத்துப் பேசிப் பயனில்லை அம்மா," என்று சொல்லி, மஞ்சள் ஜரிகைத் தாளைக் கிண்ணமாக மடித்து ஃபேன்சி கல்லை அதில் உட்கார வைத்தார். ஒரு படி ஏறியதுபோல் நிறம் கூடியது. "இது ஏமாற்று இல்லையா?" என்று என்னவர் என் காதில் கேட்டார். மெல்லிய துணிக்கு அடியில் லைனிங் கொடுப்பதை யாராவது ஏமாற்று என்பார்களா? சான்றிதழ் பேசுவது பதிக்காத கல்லைப் பற்றி. எந்த உலோகத்தில், எப்படிப் பதிக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே மோதிரத்தில் பதித்த வண்ணக் கல்லை மட்டும் நான் வாங்க மாட்டேன். லைனிங்கின் நிறம் எது, கல்லின் நிறம் எது என்று பிரித்தறிய வழியில்லை.

அந்த ஃபேன்சி கல்லையே எடுத்தோம். வடிவத்தைப் பற்றிப் பெரிய விவாதம் நடக்கவில்லை. வட்டக் கல் வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதில் கெட்டிக்காரன், நிறத்தைத் தேக்கி வைப்பதில் அல்ல. குஷனும், முனை வெட்டிய சதுரமான ரேடியன்டும் மஞ்சளை உள்ளேயே சுற்றவிடும். தூய்மை எஸ்.ஐ. 1 (சிறு குறை உள்ள தரம்), ஓரத்தில் ஒரு புள்ளி இருப்பது உருப்பெருக்கிக்கு மட்டும் தெரியும். வண்ணக் கல்லில் நிறத்துக்குத்தான் பணம், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

குறைகளும் உண்டு. அலுவலகத்தின் வெளிறிய எல்.ஈ.டி. விளக்கில் கல் சோம்பிக் கிடக்கும். காலை வெயிலிலும் குண்டு பல்பிலும்தான் அது பேசும். அதைவிடப் பெரிய தொல்லை அழுக்கு. வைரத்துக்கு எண்ணெய்ப் பசையென்றால் அவ்வளவு பிரியம்; சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசைமேல் கல்மண்ணை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்கிற வைரத்தைப் பொறுக்கியிருக்கிறார்கள். கையில் பூசும் களிம்பு பத்து நாளில் கல்லின் அடியில் படிந்து மஞ்சளைப் பழுப்பாக்கிவிடுகிறது. இளஞ்சூட்டு நீரில் சோப்புக் கரைத்து மென்மையான பிரஷால் தேய்த்தால் போய்விடும். ஆனால் எங்கள் கிண்ணம் அடி மூடியது, உள்ளே பிரஷ் நுழையாது. அடியில் இரண்டு துளையாவது விடச் சொல்லியிருக்க வேண்டும். மோதிர வேலைக்கு நான் குறைத்த கால் மதிப்பெண் இதற்குத்தான்.

கடைக்கு வருகிறேன். பெரியவருக்கு மட்டும் தனியாகப் போடலாம் என்றால் பத்துக்கு ஒன்பது. கடைக்குப் பாதிதான். பத்து நாளில் தருவதாகச் சொன்ன மோதிரம் 26 நாளில் வந்தது, அளவும் சிறியதாக. திருத்தக் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது, கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட உருப்பெருக்கி கேட்டேன். திருட்டுப் பட்டம் கட்டியதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார்கள். எண் சரியாகத்தான் இருந்தது. அப்போதும் கேட்டது தப்பில்லை.

போன மாதம் மோதிரத்தை எங்கள் ஒளிப்பெட்டிக்குள் வைத்து நான்கு பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தேன். அருகில் நின்ற சக ஊழியர், இந்த மஞ்சளைத் துணியில் கொண்டுவரலாமே என்று மாதிரிக் கலவை தயாரிக்க உட்கார்ந்துவிட்டார். மூன்று கலவைகள் போட்டாகிவிட்டது. பகல் வெளிச்சத்தில் மூன்றாவது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. குண்டு பல்பில் இன்னும் சேரவில்லை.