கரிமூட்டப் புகைக்கு எந்தக் கார் ஏசி ஃபில்டர்? சாயல்குடி சாலையில் மூன்று வருட அனுபவம்

விடிகாலையில் சாயல்குடியிலிருந்து ஏர்வாடி, கீழக்கரை வழியாக ராமநாதபுரத்துக்கு வண்டி ஓட்டியவர்களிடம் நான் எந்தப் புகையைச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் போகாமல் நாள்கணக்கில் புகையவிடுவார்களே, அந்தக் கரிமூட்டப் புகைதான். கருப்பட்டி காய்ச்சும் மாதங்களில் பனை ஓலைப் புகையும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

அம்மாவுக்கு மூச்சு இழைப்பு உண்டு. மாதம் இரண்டு தடவை ராமநாதபுரத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும். டோக்கன் கிடைக்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே கிளம்பியாக வேண்டும். அந்த நேரம்தான் புகைக்கும் தோதான நேரம். இரவெல்லாம் தரை குளிர்ந்து, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெதுவாக நகரும். மேலே எழ முடியாத புகை, வேட்டியை விரித்துப் போட்டது மாதிரி சாலைக்குக் குறுக்கே தாழ்வாகப் படுத்திருக்கும். அதே இடத்தைப் பதினொரு மணிக்குத் திரும்பக் கடந்தால், கடல்காற்று எல்லாவற்றையும் உள்நாட்டுப் பக்கம் தள்ளிவிட்டிருக்கும். புகை இருந்த சுவடே தெரியாது. காலையில் பின்சீட்டில் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆராய்ச்சியில் இறங்கினேன்.

மூன்று வருடத்தில் நான்கு வழிகளைப் பார்த்துவிட்டேன்: வண்டியோடு வந்த சாதா ஃபில்டர், கார்பன் ஃபில்டர், ஹெப்பா என்று சொல்லி விற்கும் நெருக்கமான ஃபில்டர், சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் குட்டி ஏர் பியூரிஃபையர். இப்போது வண்டியில் இருப்பது கார்பன். என் சாய்வு அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதை வாங்கினாலும், காற்றை உள்ளேயே சுற்றவிடும் அந்த வளைந்த அம்பு பட்டனைப் புகை கண்ணில் பட்டதுமே அமுக்க வேண்டும். மூக்கில் ஏறிய பிறகு அமுக்கினால் புகையையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் பார்க்காத விஷயம், ஃபில்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருந்தால் பெரும்பாலும் உள்ளே சுற்றும் காற்றும் அதன் வழியாகத்தான் போகும். முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிக்காற்று நுழையும் வாயிலில் ஃபில்டர் இருக்கிற வண்டிகளும் உண்டு. அவற்றில் அந்தப் பட்டனைப் போட்டால் காற்று ஃபில்டரைத் தொடாமலே சுற்றும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கி மாட்டினாலும் அந்த நேரத்தில் அது சும்மா கிடக்கும். விலை குறைந்த சில மாடல்களில் ஃபில்டருக்கு இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. காசு செலவழிக்கும் முன் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஹெப்பா கதைக்கு வருகிறேன். அதை வாங்க வைத்தது கலிபோர்னியாவில் இருக்கும் அக்கா மகன். 2018 நவம்பரில் அங்கே பாரடைஸ் என்ற ஊரையே காட்டுத்தீ எரித்தது. அந்தப் புகை இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிற சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் வந்து, நாள்கணக்கில் ஊரை மூடிக் கிடந்தது. அதில் வேலைக்குப் போய் வந்தவன் அவன். "மாமா, ஹெப்பா போடுங்க, மத்ததெல்லாம் சும்மா" என்று போனில் அடித்துச் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. விறகுப் புகையின் துகள்களில் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் கீழே. தலைமுடியின் தடிமன் ஐம்பது மைக்ரானுக்கு மேல் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாதா ஃபில்டர் தூசிக்கும் மகரந்தத்துக்கும் செய்தது, இவ்வளவு பொடியான துகளில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். உண்மையான ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். கார் ஃபில்டர் டப்பாவில் அச்சடித்திருக்கும் ஹெப்பா எல்லாம் அந்த அளவுக்கு வருமா என்பது வேறு விஷயம்.

ஆனால் அவன் ஊர்ப் புகையும் நம் ஊர்ப் புகையும் ஒன்றில்லை. அங்கே வானம் முழுக்கப் புகை, நாள்கணக்கில். இங்கே அரை கிலோமீட்டர் புகை, அப்புறம் சுத்தமான காற்று, மறுபடி ஒரு கிலோமீட்டர் புகை. இந்த வித்தியாசம்தான் கணக்கை மாற்றுகிறது. சின்னக் காரின் உள்ளே இருப்பது மூன்று கன மீட்டர் காற்று. ஏசி விசிறி முழு வேகத்தில் மணிக்குச் சில நூறு கன மீட்டர் தள்ளும். அப்படியென்றால் உள்ளே இருக்கும் மொத்தக் காற்றும் நிமிடத்துக்கு ஒரு தடவையாவது ஃபில்டரைத் தாண்டிப் போகிறது. பாதித் துகளை மட்டும் பிடிக்கிற ஃபில்டர் என்றே வைத்துக்கொண்டாலும், முதல் சுற்றில் பாதி போகும், அடுத்த சுற்றில் மிச்சத்தில் பாதி போகும், நாலு சுற்றில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கதவு இடுக்கில் கொஞ்சம் கசியும்தான். இருந்தாலும் ஒரு கிலோமீட்டர் புகையைச் சமாளிக்க 99.97 தேவைப்படவில்லை.

அது போக, அம்மாவுக்கு இருமலைக் கிளப்புவது துகள் மட்டுமில்லை, நெடியும்தான். பாதி வெந்த விறகிலிருந்து வரும் அந்தக் காரமான, தொண்டையில் ஒட்டுகிற நெடி வாயு. துகள் வடிகட்டும் காகிதத்தை அது தாண்டிப் போய்விடும், ஹெப்பாவாக இருந்தாலும். அதைக் கொஞ்சமாவது இழுத்து வைத்துக்கொள்வது கார்பன். கறுப்பாகக் கரித்தூள் பூசிய மடிப்புகள். கரி சுடும் புகையைப் பிடிக்கக் கரியையே வாங்குகிறோம் என்று மச்சான் சிரிப்பான். இரண்டும் ஒரே கரி இல்லை, இது நுண்துளைகள் திறக்கும்படி தனியாகப் பதப்படுத்தியது.

சரி, இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. நம் கடற்கரையில் ஃபில்டர் சாகிற விதமே வேறு.

முதல் தடவை கீழக்கரையில் ஒரு மெக்கானிக் தம்பி பெட்டியைக் கழற்றி, ஃபில்டரை இழுத்து வெளியே எடுத்தான். "அண்ணே, இதை மாத்தி எத்தனை வருஷமாச்சு?" பதினெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய மடிப்புகள் பழைய சாக்கு நிறத்தில் இருந்தன. மடிப்புக்குள் வேலிக்கருவையின் பொடி இலைகள், ஈசலின் இறகு, நாலைந்து மிளகாய் விதை. மாசி பங்குனியில் சாலையோரம் முண்டு மிளகாய் காயப்போட்டிருப்பார்களே, அங்கிருந்து வந்தது. விரலால் தொட்டால் தூசி உதிரவில்லை, பிசுபிசுவென்று ஒட்டியது. கடல்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் தூசியைப் பசையாக்கிவிடும். மூக்கருகே கொண்டுபோனால் மூடிக்கிடந்த சமையல்கட்டு வாசனை. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து, பூஞ்சை பிடித்திருந்தது.

உள்நாட்டில் ஃபில்டரைக் கழற்றித் தட்டி மறுபடி மாட்டுவார்கள். இங்கே தட்டினால் எதுவும் விழாது. ஒரு தடவை ஏர் கம்ப்ரஸர் வைத்து ஊதச் சொல்லிப் பார்த்தேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் காகிதத்தில் ஊசிமுனை வெளிச்சங்கள். அதன் வழியாகப் புகை தாராளமாக வரும்.

ஹெப்பா இந்த இடத்தில்தான் சறுக்கியது. நெருக்கமான காகிதம் என்பதால் பிசுபிசுத்த தூசி அதை சீக்கிரம் அடைத்துவிட்டது. மூன்றாவது மாதமே விசிறியை நாலில் வைத்தாலும் இரண்டில் வைத்த மாதிரிதான் காற்று வந்தது. சித்திரை வெயிலில் ஏசி காற்று குறைந்தால் என்ன நடக்கும்? கண்ணாடியை இறக்குவோம். இறக்கிய பிறகு எந்த ஃபில்டராக இருந்தால் என்ன! நான் கொடுத்த விலை ஆயிரத்து இருநூறு ரூபாய். அதை மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நமக்குக் கட்டாது. ராமநாதபுரத்தில் நான் கேட்ட கடைகளில் கிடைக்கவும் இல்லை, ஆன்லைனில்தான் வரவழைத்தேன். வந்தது அகலத்தில் ஒரு நூல் குறைவு. ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்தச் சுலபமான வழியில்தான் போகும். பஞ்சுப் பட்டை ஒட்டி அடைத்தேன். இதையும் சொல்லியாக வேண்டும்: ஹெப்பாவை ஒரே ஒரு கோடைதான் ஓட்டினேன், அதுவும் ஒரே ஒரு கம்பெனியின் சரக்கு. பெரிய விசிறி இருக்கிற வண்டியில் இவ்வளவு மோசமாக இல்லாமலும் இருக்கலாம்.

கார்பனுக்கும் உப்புக்காற்று நண்பன் இல்லை. ஈரம் அந்த நுண்துளைகளில் இடம் பிடித்துக்கொண்டால் நெடிக்கு இடம் குறையும். நிரம்பிய கார்பன் வெயிலில் சூடானால் பிடித்து வைத்ததைக் கொஞ்சம் திருப்பியும் விடும். மத்தியானம் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ஏசி போட்டதும் முதல் மூச்சில் நேற்றைய புகை வாசம் வந்தால் அதுதான் காரணம். அதனால் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டேன், மாதக் கணக்குதான். தை மாதம் ஒன்று, மழை ஈரத்தைக் கழித்துவிட்டு மூட்டப் புகை காலத்துக்கு. ஆடியில் ஒன்று. ஒன்று அறுநூற்று ஐம்பது ரூபாய், வருடத்துக்கு ஆயிரத்து முந்நூறு. கடையிலேயே கிடைக்கிறது, அளவும் சரியாக உட்காருகிறது, மாற்றப் பத்து நிமிடம் போதும். இடையில் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க எனக்கு மீட்டர் வேண்டாம். வாலிநோக்கம் விலக்கைத் தாண்டும்போது பட்டனை அமுக்கிய பிறகும் கருவாட்டு வாடை ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் ஃபில்டர் முடிந்தது என்று அர்த்தம்.

சாதா ஃபில்டரையே நாலு மாதத்துக்கு ஒன்றாக மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். முந்நூறு ரூபாய்தான். இழைப்பு, ஒவ்வாமை யாருக்கும் இல்லாத வீடென்றால் நான் அதைத்தான் சொல்வேன். பழைய கார்பனைவிடப் புதிய சாதா மேல்.

மாட்டும்போது ஓரத்தில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள், காற்று போகும் திசை அது. ஒரு சர்வீஸ் சென்டரில் என் வண்டிக்குத் தலைகீழாக மாட்டி, பில்லில் கூலியும் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து நானே மாட்டிக்கொள்கிறேன்.

குட்டி பியூரிஃபையருக்கு அதிக இடம் கொடுக்கப் போவதில்லை. வண்டியின் விசிறி தள்ளும் காற்றோடு ஒப்பிட்டால் அது தள்ளுவது கைவிசிறி அளவு. அயனி விடுகிறேன் என்று சொல்லும் சில வகைகள் ஓசோனையும் உண்டாக்கும்; இழைப்பு இருப்பவர் பக்கத்தில் அது கூடவே கூடாது. மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது இப்போது வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஃபில்டரே வைக்க முடியாத பழைய வண்டி வைத்திருப்பவர்கள், அயனி இல்லாமல் வெறும் விசிறியும் ஃபில்டரும் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம்.

எந்த ஃபில்டரும் பிடிக்காத ஒன்று கார்பன் மோனாக்சைடு. காற்று குறைவாக எரியும் மூட்டத்தில் அது நிறையவே உண்டாகும், வாசனையும் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூட்டத்துப் புகையைக் காற்று தள்ளிக்கொண்டு வரும் பக்கம் வண்டியை நிறுத்தி, ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிற வேலை வேண்டாம்.

அதே மாதிரி, வளைந்த அம்பு பட்டனை ராமநாதபுரம் வரை அமுக்கியே வைத்திருக்காதீர்கள். நாலு பேர் மூச்சு விட்டால் அரை மணி நேரத்தில் உள்ளே கரியமில வாயு வெளியே இருப்பதைப்போலப் பல மடங்கு ஏறிவிடும்; டிரைவருக்குக் கண் சொக்கும். புகையைத் தாண்டியதும் எடுத்துவிட்டு, வெளிக்காற்றை இரண்டு நிமிடம் விடுங்கள். எங்கள் வண்டியில் அந்த வேலை அம்மாவுடையது. ஏர்வாடி விலக்கு தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வரும்: "தம்பி, நல்ல காத்து வந்துருச்சு, அமுக்குனதை எடுத்து விடு."