எரிபொருள் ஒன்று, வழி இரண்டு: விண்மீனுக்குள் ஹீலியம் உருவாகும் விதம்

நான்கு ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் கரு ஆகிறது; அப்போது குறைந்துபோகும் 0.7 விழுக்காடு நிறைதான் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிவருகிறது. பாடப்புத்தகம் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் ஹைட்ரஜன் கரு என்பது ஒரு புரோட்டான்; நான்கு புரோட்டான்கள் ஒரே கணத்தில் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொள்வது நடக்கிற காரியமா? படிப்படியாகத்தான் சேர முடியும். அதற்கு விண்மீன்களிடம் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புரோட்டான்–புரோட்டான் சங்கிலி; மற்றது கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் வழியாகச் சுற்றிவரும் சி.என்.ஓ. சுழற்சி. எதில் போனாலும் ஒரு ஹீலியத்துக்குக் கிடைக்கும் ஆற்றல் 26.7 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான் (கருக்களின் ஆற்றலை அளக்கும் அலகு இது). அதில் நியூட்ரினோக்கள், அதாவது எதனோடும் எளிதில் வினைபுரியாத நுண்துகள்கள், கொண்டுபோகும் பங்கு சங்கிலியில் சுமார் 2 விழுக்காடு, சுழற்சியில் 6.

இவ்விரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் வெப்பநிலையை முதலில் சொல்வது வழக்கம். எனக்கு அது விளைவாகத்தான் படுகிறது. காரணம் வேறிடத்தில் இருக்கிறது. ஹீலியம் கருவில் இரண்டு நியூட்ரான்கள் வேண்டும். கைவசம் இருப்பவையோ புரோட்டான்கள் மட்டுமே. ஆக, ஒவ்வொரு முறையும் இரண்டு புரோட்டான்கள் நியூட்ரானாக மாறியே தீர வேண்டும். அந்த மாற்றம் எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

சங்கிலியில் அது முதல் அடியிலேயே நடந்தாக வேண்டும். இரண்டு புரோட்டான்களும் ஒன்றையொன்று விலக்குபவை. போதிய ஆற்றல் இல்லாமலேயே தடையைத் துளைத்துப்போகும் குவாண்டம் ஊடுருவலின் தயவால்தான் அந்தத் தடையைக் கடக்கின்றன. கடந்தாலும் போதாது. புரோட்டான்கள் மட்டுமே கொண்ட இரட்டைக் கரு நிலைக்காது. அவை நெருங்கியிருக்கும் இமைப்பொழுதுக்குள் ஒன்று நியூட்ரானாக மாறி, பாசிட்ரானையும் (நேர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்) நியூட்ரினோவையும் உதறிவிட வேண்டும். இது இயற்கையின் அடிப்படை விசைகளில் ஒன்றான மென்விசையின் வேலை. அது லேசில் செயல்படாது. அதனால் ஏறத்தாழ எல்லாச் சந்திப்புகளும் வீணாகின்றன. 1.5 கோடி கெல்வின் கொதிக்கும் சூரிய மையத்தில்கூட ஒரு புரோட்டானுக்கு இது கைகூட சராசரியாகச் சுமார் 900 கோடி ஆண்டுகள் ஆகும். சூரியனின் வயதே 460 கோடிதான்! இப்படிப் பிறந்த, ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் கொண்ட டியூட்டீரியமோ சில நொடிகளிலேயே இன்னொரு புரோட்டானைச் சேர்த்து ஹீலியம்-3 ஆகிவிடுகிறது. இரண்டு ஹீலியம்-3 கருக்கள் மோதினால் ஒரு ஹீலியம்-4. இரண்டு புரோட்டான்கள் மீதம். பெரிலியம் வழியாகப் போகும் கிளைகளும் உண்டு. இங்கே அவை முக்கியமில்லை.

சுழற்சி இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகத் தள்ளிப்போடுகிறது. கார்பன்-12 ஒரு புரோட்டானை ஏற்று நைட்ரஜன்-13 ஆகிறது. வந்த புரோட்டான் கருவுக்குள் கட்டுண்டுவிட்டது, எங்கும் ஓடிவிடாது. ஆகவே நியூட்ரானாக மாற அவசரமில்லை. நைட்ரஜன்-13இன் அரைஆயுள் சுமார் 10 நிமிடம். மாறியபின் கார்பன்-13, அடுத்த புரோட்டானில் நைட்ரஜன்-14, அதற்கடுத்ததில் ஆக்சிஜன்-15. இது 2 நிமிட அரைஆயுளில் நைட்ரஜன்-15 ஆகிறது. நான்காவது புரோட்டான் வந்ததும் ஒரு ஹீலியம் பிரிந்துபோக, பழைய கார்பன்-12 அப்படியே திரும்பிவிடுகிறது.

இத்தனை வசதிக்கும் விலை உண்டு. கார்பனின் மின்னூட்டம் 6, நைட்ரஜனின் மின்னூட்டம் 7. வருகிற புரோட்டானை அவை பலமாகத் தள்ளுகின்றன. நைட்ரஜன்-14 இருக்கும் படிதான் எல்லாவற்றிலும் மெதுவானது. அதனால் கார்பனில் பெரும்பகுதி நைட்ரஜனாக அங்கே தேங்கிவிடும். மின்விலக்கு உயர உயர வினையின் வேகம் சூட்டை நம்பியே இருக்கும். மையத்தின் வெப்பநிலை 10 விழுக்காடு கூடினால் சங்கிலியின் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். சுழற்சியினுடையது ஐந்து மடங்காகும். சுமார் 1.7 கோடி கெல்வினைத் தாண்டினால் சுழற்சி முந்திக்கொள்கிறது. சூரியனைவிட 1.3 மடங்குக்குமேல் நிறையுள்ள விண்மீன்களில், உதாரணமாக சிரியஸில், அதன் ஆட்சிதான். ஆற்றல் நடுவில் ஒரு சிறு பகுதியிலேயே குவிவதால் அவற்றின் மையம் வெப்பச்சலனத்தில் கலங்கிக்கொண்டே இருக்கும். சூரியனின் மையத்தில் அந்தக் கலக்கம் இல்லை.

பெரிய விண்மீன்கள் சீக்கிரம் தீர்ந்துபோவதற்குச் சுழற்சியைக் குறைசொல்வோர் உண்டு. அந்தப் பழி பொருந்தாது. எவ்வளவு ஒளிர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நிறைதான் தீர்மானிக்கிறது. கார்பனே இல்லாத முதல் தலைமுறை விண்மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மிகப் பெரியவற்றுக்குச் சங்கிலி மட்டும் போதவில்லை. மேலும் சுருங்கிச் சூடேறி, 10 கோடி கெல்வின் அளவில் மூன்று ஹீலியங்களை இணைத்துத் தமக்கான கார்பனைத் தாமே சமைத்துக்கொண்டன என்பது கணக்கீடுகள் சொல்வது. முன்னிருப்பு எதுவும் கேட்காமல் தொடங்கக்கூடியது சங்கிலி ஒன்றுதான். அந்த வகையில் என் ஓட்டு அதற்கே.

விண்மீன்களின் இந்த வினைகளை ஆராய்ந்த இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தேயின் ஓட்டு வேறாக இருந்தது. 1939 கட்டுரையில் சூரியன் முக்கியமாகச் சுழற்சியால் ஒளிர்கிறது என்றே அவர் முடிவுகட்டினார். மையத்தின் வெப்பநிலையையும் நைட்ரஜனின் அளவையும் அன்று உண்மையைவிட அதிகமாகக் கருதியிருந்தார்கள். அவ்வளவு கூர்மையாகச் சூட்டைப் பொறுத்த ஒரு வினையில் அது போதும், விடை தலைகீழாகிவிட. 1967இல் நோபல் பரிசு வந்தபோது சங்கிலியே சூரியனுக்குரியது என்பது தெளிவாகியிருந்தது. சுழற்சியின் பங்கு சுமார் 1 விழுக்காடுதான்.

அந்த 1 விழுக்காட்டை நேரில் பிடித்தது இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இருந்த போரெக்சினோ என்ற நியூட்ரினோ கருவி. சங்கிலியின் முதல் அடியில் பிறக்கும் நியூட்ரினோக்களை 2014இல் அது அளந்துவிட்டது. சுழற்சியின் நியூட்ரினோக்களுக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கருவியில் நிரப்பியிருந்த திரவத்தில் நுண்ணளவு இருந்த கதிரியக்கத் தனிமமான பிஸ்மத்-210 அதேபோன்ற சமிக்ஞையைத் தந்து குழப்பியதே தாமதத்துக்குக் காரணம். பிஸ்மத்தின் அளவைச் சரியாகக் கணிக்கத் திரவம் சிறிதும் கலங்கக் கூடாதென்று தொட்டி முழுவதையும் வெப்பக்காப்புப் போர்வையால் மூடினார்கள். இந்த நியூட்ரினோக்களின் எண்ணிக்கை மையத்திலுள்ள கார்பன், நைட்ரஜன் அளவைப் பொறுத்தது. சூரியனில் கன தனிமங்கள் (ஹீலியத்தைவிடக் கனமானவை) எவ்வளவு என்பதில் மேற்பரப்பு நிறமாலைக்கும் சூரிய அதிர்வுகளுக்கும் இடையே நீண்டநாளாக இருந்துவரும் இழுபறியில், அது மூன்றாவது சாட்சி.