இடுப்பு வலிக்குக் ‘கைப்பழக்கம்’தான் காரணம் என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள்

இலங்கை மலையகத்தின் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்து இளைஞர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். தோட்டங்களில் சம்பளம் போடும் நாட்களை ஒட்டி, நகரத்து விடுதியில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு, நரம்புத் தளர்ச்சி, இடுப்பு வலி, ஆண்மைக் குறைவு எல்லாவற்றையும் ஒரே மண்டலத்தில் தீர்ப்பதாகச் சுவரொட்டி ஒட்டி வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் நான் 42,000 ரூபாயைப் பறிகொடுத்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. சுவரொட்டிக்குச் சுவரொட்டி பெயர் மாறுவதால், அவர் கையாளும் முறையைத் தெரிந்துகொள்வதே பயன் தரும்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துச் சாக்குகளை லொறியிலிருந்து இறக்கி, கொழுந்து வாட்டும் மாடிக்குத் தூக்கிச் செல்வது என் வேலை. இடுப்பு வலி என்று போனவனிடம் அந்த வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை; முதுகைத் தொட்டுப் பார்க்கவுமில்லை, குனிந்து நிமிரச் சொல்லவுமில்லை. நாடியைச் சற்றே பிடித்துவிட்டு, “தம்பிக்குக் கைப்பழக்கம் உண்டா?” என்று, சுயஇன்பத்தைக் குறித்துக் கேட்டார். திருமணமாகாத வாலிபர்களிடம் இப்படிக் கேட்டால், பொய் சொல்லாதவர்களில் பெரும்பாலோரின் பதில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதால், யார் எந்த வலியோடு போனாலும் அங்கே நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிடுகிறது.

அடுத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் சிறுநீர் எடுத்துவரச் சொல்லி, அதை வெளிச்சத்தில் பிடித்து, கலங்கலாகத் தெரிந்ததைக் காட்டி, முள்ளந்தண்டிலிருந்து தாது, அதாவது விந்து, கரைந்து போகிறது என்றார். நாற்பது சொட்டு இரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து உருவாகிறது என்றும், இப்படியே விட்டால் கல்யாணம் செய்ய முடியாது என்றும் சொன்னார். வீட்டில் எவரிடமும் பேச முடியாத விஷயமாக இருப்பதுதான் இவர்களுடைய மூலதனம். ஏமாந்தவன் முறைப்பாடு செய்யப் போனால் எதற்காகப் போனேன் என்பதையும் சொல்லியாக வேண்டுமே! பற்றுச்சீட்டு கேட்டதற்கு, “இதையெல்லாம் எழுதி வைப்பது தம்பிக்குத்தான் மானக்கேடு” என்று பதில் வந்தது.

பெயரொட்டி இல்லாத போத்தலில் லேகியமும், வெள்ளைத் தாளில் மடித்த சூரணமும், நிறமற்ற மாத்திரைகளும் தந்தார். மாத்திரை தொடங்கியதும் வலி சட்டென்று குறைந்தது, பசி கூடியது, பின்பு முகம் ஊதத் தொடங்கியது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போனபோது, அங்கிருந்த வைத்தியர் முகத்தைப் பார்த்ததுமே இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பரிசோதித்துவிட்டு, அந்த மாத்திரைகளை எடுத்துவரச் சொன்னார். இத்தகைய ‘மூலிகை’ மருந்துகளில் வலியையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்து கலக்கப்படுவது பல நாடுகளில் ஆய்வுகூடங்களில் கண்டறியப்பட்ட மோசடி என்றும், என் மாத்திரையில் என்ன இருந்தது என்பதைப் பரிசோதிக்காமல் சொல்ல முடியாது என்றும் நிதானமாக விளக்கினார். நீண்ட நாள் ஸ்டீரொய்ட் எடுத்த உடல் அதைத் திடீரென்று நிறுத்துவதையும் தாங்காது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வெட்கத்தை விட்டு மற்றக் கேள்வியையும் அவரிடமே கேட்டேன். சுயஇன்பத்தால் எலும்போ, நரம்போ, சிறுநீரகமோ பலவீனமாவதில்லை. விந்து முள்ளந்தண்டிலிருந்து வருவதுமில்லை. விந்தணு விதைகளில் உண்டாகிறது. திரவத்தின் பெரும்பகுதி விந்துப் பைகளிலும் புரஸ்டேட் சுரப்பியிலும் சுரக்கிறது. ஒரு தடவை வெளியேறுவது சில மில்லிலீட்டர்தான், அதிலும் பெரும்பங்கு தண்ணீர். கலங்கல் சிறுநீருக்குப் பெரும்பாலும் அதில் படியும் பொஸ்பேற்று உப்பே காரணமாக இருக்கும், சில வேளைகளில் கிருமித்தொற்றாகவும் இருக்கலாம் என்பதால், அதைச் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம். விந்து போனதால் உடல் தேய்கிறது என்று அஞ்சி வாடும் நிலைக்கு ‘தாத் நோய்க்குறி’ என்று இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் பெயரிட்டார். பயத்தால் உறக்கம் கெட்டுத் தசை இறுகினால் முதுகு வலி கூடத்தான் செய்யும். வலி தந்தவரே வைத்தியரானது இப்படித்தான்.

ஒரு விதிவிலக்கை அந்த வைத்தியர் அழுத்திச் சொன்னார். விந்து வெளியேறும்போது வலி, சிறுநீர் கழிக்கையில் எரிவு, அடிவயிற்றிலும் இடுப்பிலும் வலி ஆகியவை சேர்ந்திருந்தால் புரஸ்டேட் அழற்சியாக இருக்கலாம். அதற்கும் பழக்கம் காரணமல்ல, ஆனால் சிகிச்சை வேண்டும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடியபின் தளர்ந்தால் மூட்டுவாத வகை ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். கால் பலமிழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், மலசலம் கட்டுப்படாமை ஆகியவற்றுள் எது வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். என்னுடையது சாக்கு தூக்கியதால் வந்த தசைப்பிடிப்பு. படுத்தே கிடக்காமல் நடக்கச் சொன்னார்கள், முழங்காலை மடக்கிச் சுமை எடுக்கப் பழக்கினார்கள். கட்டணம் ஏதுமில்லை.

சித்த மருத்துவத்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. பல்கலைக்கழகத்தில் முறையாகப் படித்த சித்த வைத்தியர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி ஆயுர்வேத மருத்துவச் சபையில் பதிவு பெற்றவராக இருந்தால், பதிவு இலக்கத்தைச் சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது. நான் போன இடத்தில் அதைக் கேட்டபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பற்றுச்சீட்டு மறுக்கப்பட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பணம் கொடுத்த காரணத்தை அங்கே விரிவாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அவரிடம் வாங்கிய மாத்திரைகள் இன்னும் கையிருப்பில் உள்ளவர்கள் அவற்றை எறிந்துவிடாமலும், தாமாகவே சட்டென்று நிறுத்தாமலும், தாளோடும் போத்தலோடும் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.