வாடகை கட்ட முடியாதபோது கவுன்சிலிடம் எதை முதலில் கேட்பது? நான்கு உதவிகளின் ஒப்பீடு

இங்கிலாந்தில் வாடகை வீட்டில் வாழும் குடும்பத்துக்கு வருமானம் போதாமற்போகும்போது, உள்ளூர் கவுன்சிலிடம் கேட்கக்கூடிய முக்கியமான உதவிகள் நான்கு. ஒன்று, கவுன்சில் டாக்ஸ் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கவுன்சில் விதிக்கும் வரியில் குறைப்பு. இரண்டு, வாடகையில் விழும் பற்றாக்குறையை ஈடுசெய்யும் தொகை, இது டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட், சுருக்கமாக டி.எச்.பி., என்ற பெயரால் நீண்டகாலம் அறியப்பட்டது. மூன்று, உணவுக்கும் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்குமான அவசர உதவி. ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட் என்ற பெயரில் பலர் இதைப் பெற்றிருப்பார்கள். நான்கு, குடும்பம் வீட்டை இழக்காமல் தடுக்கக் கவுன்சில் செய்தே ஆகவேண்டிய சட்டக் கடமை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் ஏற்பாடுகள் வேறு என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

லண்டனின் ஹாரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ், நியூஹாம் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளில் இந்த நான்கில் அதிகம் பேசப்படுவது மூன்றாவதுதான். கவுன்சில் வவுச்சர் கொடுக்கிறது என்ற செய்தி ஒரே நாளில் வீடு வீடாகப் பரவிவிடுகிறது. என் கருத்தில் அது கடைசியாக நாடவேண்டிய உதவி. சட்டப்படி உரிமையாக வரும் உதவியை முதலிலும், அதிகாரியின் விருப்புரிமையைப் பொறுத்து வரும் உதவியைப் பின்னரும் கேட்பதே குடும்பத்தின் நிலையை உண்மையில் மாற்றும்.

பற்றாக்குறை எங்கே உண்டாகிறது என்பதை அறிந்தால்தான் எந்த உதவி எதற்குப் பொருந்தும் என்பது விளங்கும். தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு, வருமானம் குறைந்தோருக்கான அரசு உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட் தரும் வீட்டுச் செலவுத் தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு; லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்று அதைச் சொல்வார்கள். ஒரு வட்டாரத்தின் வாடகைகளைக் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தினால் 30 விழுக்காட்டு இடத்தில் நிற்கும் வாடகையே அந்த வரம்புக்கு அடிப்படை. ஆனால் அரசு அதை ஆண்டுதோறும் திருத்துவதில்லை. 2020 ஏப்ரலில் உயர்த்திய பின் நான்கு ஆண்டுகள் அப்படியே நிறுத்தி வைத்து, 2024 ஏப்ரலில் மீண்டும் உயர்த்தி, மறுபடியும் நிறுத்திவிட்டது. வாடகை ஏறிக்கொண்டே போகும்போது வரம்பு நின்ற இடத்திலேயே நிற்பதால், வேலைக்குப் போகும் குடும்பங்கள்கூட மாதந்தோறும் நூற்றுக்கணக்கான பவுண்டைச் சாப்பாட்டுப் பணத்திலிருந்து எடுத்து வாடகைக்குக் கட்டுகின்றன. இதன்மேல், பெறும் அரசு உதவித்தொகைகளின் கூட்டுத்தொகைக்குப் பெனிபிட் கேப் என்ற மொத்த வரம்பும் இருக்கிறது. லண்டனில் ஒரு குடும்பத்துக்கு அது 2023 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 25,323 பவுண்டு. நம் வீடுகளில் அடிக்கடி நேரும் இன்னொரு பிடித்தமும் உண்டு: வளர்ந்த மகனோ, உறவினர் ஒருவரோ கூடவே வசித்தால், அவர் வாடகையில் பங்கு தருவார் என்று கணக்கிட்டு வீட்டுச் செலவுத் தொகையைக் குறைத்துவிடுவார்கள், அவர் ஒரு பென்னிகூடத் தராவிட்டாலும் அப்படித்தான்.

இந்த நிலையில் முதலில் கேட்கவேண்டியது கவுன்சில் டாக்ஸ் குறைப்பு. யுனிவர்சல் கிரெடிட் கிடைத்துவிட்டால் இதுவும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; வராது. யுனிவர்சல் கிரெடிட்டில் கவுன்சில் டாக்ஸுக்கான பகுதியே இல்லை. கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2013 ஏப்ரல் வரை நாடு முழுவதற்கும் ஒரே விதி இருந்தது. அதன்பின் வேலை செய்யும் வயதினருக்கான திட்டத்தை ஒவ்வொரு கவுன்சிலும் தானே வகுத்துக்கொள்கிறது; ஓய்வூதிய வயதினருக்கு மட்டும் நாடு தழுவிய பாதுகாப்பு தொடர்கிறது. ஆகவே ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்களில், டவர் ஹாம்லெட்ஸில் உள்ளது முழு வரியிலிருந்தும் விடுபடலாம். வேறு கவுன்சிலில் உள்ளது ஒரு பகுதியைக் கட்டியே ஆகவேண்டி வரலாம். இது நியாயமற்றது என்றே நான் கருதுகிறேன். இருந்தாலும், திட்டத்தின் நிபந்தனைகளை நிறைவுசெய்பவருக்குக் குறைப்பு தரமாட்டோம் என்று கவுன்சில் சொல்ல முடியாது. சொன்னால் முதலில் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, பதில் திருப்தி தராவிட்டாலோ இரண்டு மாதங்களில் வராவிட்டாலோ, வேல்யுவேஷன் ட்ரிப்யூனல் என்ற தனித் தீர்ப்பாயத்தை நாடலாம். மற்ற இரண்டு பண உதவிகளுக்கும் இப்படியொரு தீர்ப்பாயம் இல்லை. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் 25 விழுக்காடு தள்ளுபடி உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவதான வாடகைப் பற்றாக்குறை உதவி 2001 இல் தொடங்கியது. ஹவுசிங் பெனிபிட் என்ற பழைய வாடகை உதவித்தொகையையோ யுனிவர்சல் கிரெடிட்டின் வீட்டுச் செலவுப் பகுதியையோ பெறுபவருக்கு, அது வாடகைக்குப் போதாதபோது, மீதியை முழுதாகவோ பகுதியாகவோ கவுன்சில் சில மாதங்களுக்குத் தரும். மேலே சொன்ன மூன்று காரணங்களும், அதாவது வாடகை வரம்பு, பெனிபிட் கேப், கூட வசிப்பவருக்கான பிடித்தம் ஆகியவை, இதற்குப் பொருந்தும். மலிவான வீட்டுக்கு மாறிப் போவதற்கான முன்பணத்துக்கும், வீடு மாறும் செலவுக்கும்கூட இதைக் கேட்கலாம். பலருக்கு இந்தப் பயன்பாடு தெரியாது. கவுன்சில் டாக்ஸுக்கு இதைப் பயன்படுத்த முடியாது என்பதும், பெனிபிட் அலுவலகம் தண்டனையாகக் குறைத்த தொகையை இது ஈடுசெய்யாது என்பதும் நினைவில் இருக்கவேண்டியவை.

அவசர உதவியோடு ஒப்பிட்டால் இதன் பலம் காலநீட்சி. மாதம் 200 பவுண்டு பற்றாக்குறை உள்ள குடும்பத்துக்கு ஒருமுறை வரும் வவுச்சர் சில நாள் சமையலை நடத்தித்தரும். ஆறு மாதத்துக்கு வரும் வாடகை உதவியோ 1,200 பவுண்டு நிலுவை சேராமல் தடுக்கும். பலவீனம், கவுன்சிலின் விருப்புரிமை. வரவையும் செலவையும் வரிவரியாகக் கேட்பார்கள். வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்ப்பார்கள். ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம், சீட்டுக் கட்டிய பணம், நண்பரிடம் வாங்கித் திருப்பிக் கொடுத்த கைமாற்று ஆகியவை அந்த அறிக்கையில் விளக்கமின்றி நின்றால், மிச்சப் பணம் இருக்கிறது என்ற முடிவுக்கு அதிகாரி வரக்கூடும். எனவே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்தை விண்ணப்பத்தோடே எழுதி இணைத்துவிடுவது நல்லது. மறுத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் அதே கவுன்சிலிடம்தான்.

மூன்றாவதான ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட் 2021 அக்டோபரில் குளிர்காலத்துக்கான தற்காலிக நிதியாகத் தொடங்கி, மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 2026 மார்ச்சில் முடிந்தது. 2026 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் இதையும் வாடகைப் பற்றாக்குறை உதவியையும் சேர்த்து, க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற ஒரே நிதியின் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள். புதிய நிதிக்கு இங்கிலாந்தில் ஆண்டுக்கு 842 மில்லியன் பவுண்டு. பழைய நிதியின் கடைசி ஆண்டுத் தொகை 742 மில்லியன். வாடகை உதவிக்கு அரசு தந்துவந்தது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாகச் சுமார் 100 மில்லியன். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பணம் பெருகவில்லை என்பது தெரியும். ஆனால் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒதுக்கியிருப்பது உண்மையான முன்னேற்றம். அடுத்த ஆறு மாதத்துக்கு நிதி இருக்குமா என்றே தெரியாமல் கவுன்சில்கள் திட்டம் நடத்திய நிலை இனி இல்லை. விண்ணப்பிப்பவருக்கு நடைமுறையில் உள்ள மாற்றம் இதுதான்: பழைய பெயரைச் சொல்லிக் கேட்டால் அத்திட்டம் முடிந்துவிட்டது என்ற பதில் வரலாம், புதிய நிதியில் அவசர உதவியா, வாடகை உதவியா, எது தேவை என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அவசர உதவியை நான் கடைசியில் வைப்பது அது பயனற்றது என்பதால் அல்ல. இன்று மாலை அடுப்பெரிய வேண்டும் என்ற நிலையில் அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. பெனிபிட் வாங்காத, குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவரும் அதைக் கேட்கலாம் என்பது பெரிய ஆறுதல். ஆயினும் வாடகை நிலுவையோடு நிற்பவர் வவுச்சரை வாங்கிக்கொண்டு, கவுன்சிலில் கேட்டாயிற்று என்று திரும்பிவிடுவதுதான் ஆபத்து. அதற்குள் வீட்டு உரிமையாளரின் நோட்டீஸ் வந்துவிடுகிறது.

நான்காவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் மிகவும் தயங்குவது இதில்தான். 2018 ஏப்ரல் 3 முதல் நடைமுறையில் உள்ள 2017 ஆம் ஆண்டின் வீடின்மைக் குறைப்புச் சட்டத்தின்படி, 56 நாட்களுக்குள் ஒருவர் வீட்டை இழக்கக்கூடும் என்றால், அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கைகளைக் கவுன்சில் எடுத்தே ஆகவேண்டும். சிறு குழந்தை இருக்கிறதா, நோய் இருக்கிறதா என்ற முன்னுரிமைக் கேள்வி இந்தக் கட்டத்தில் எழாது. தனி ஆளும் கேட்கலாம். கவுன்சில் எழுத்தில் ஒரு திட்டம் வகுத்துத் தரவேண்டும். உரிமையாளரோடு பேசுவது, நிலுவையின் ஒரு பகுதியைக் கட்டித் தீர்ப்பது, வேறு வீட்டுக்கு முன்பணம் தருவது ஆகியவை அந்தத் திட்டத்தில் இடம்பெறலாம். அதாவது வாடகை உதவிப் பிரிவு மறுத்த அதே பணம், வீடிழப்புத் தடுப்புப் பிரிவின் வழியாக வரக்கூடும். குடும்பத்தைத் தற்காலிகத் தங்குமிடத்தில் வைத்துப் பராமரிப்பது, இருக்கிற வீட்டின் நிலுவையைத் தீர்ப்பதைவிடக் கவுன்சிலுக்குப் பன்மடங்கு செலவு என்பதால், இங்கே கவுன்சிலின் நலனும் குடும்பத்தின் நலனும் ஒன்றாகின்றன.

வீடில்லாதவர் பிரிவு என்ற பெயரைக் கேட்டதும் எழும் கூச்சத்தால், நோட்டீஸ் வந்தவுடனே சாவியைக் கொடுத்துவிட்டு உறவினர் வீட்டு முன்னறையில் குடும்பத்தோடு தங்குகிறவர்கள் உண்டு. மானத்தைக் காக்க எடுக்கும் இந்த முடிவு சட்டத்தின் முன் பெருந்தீங்காக முடியலாம்: இருந்திருக்கக்கூடிய வீட்டைத் தாமாகவே விட்டு வந்தார்கள் என்று சொல்லி, நிரந்தர உதவிக்கான கடமை தனக்கில்லை என்று கவுன்சில் முடிவெடுக்க இடமுண்டு. கவுன்சிலிடம் பேசாமல் சாவியைக் கொடுக்கவே கூடாது.

வாடகை கட்டாததே உங்கள் தவறு என்று கவுன்சில் சொன்னாலும் அதுவே முடிவல்ல. நான்கு குழந்தைகளின் தாய் ஒருவரின் வாடகை மாதம் 700 பவுண்டு. கிடைத்த ஹவுசிங் பெனிபிட் 548.51 பவுண்டு. மீதி 151.49 பவுண்டை மற்ற உதவித்தொகைகளிலிருந்து மிச்சம்பிடித்துக் கட்டியிருக்கலாம் என்று சொல்லி, அவர் வேண்டுமென்றே வீட்டை இழந்ததாகப் பர்மிங்ஹாம் நகர கவுன்சில் முடிவெடுத்தது. 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்துசெய்தது. குழந்தைகளைப் பராமரிப்பதற்கென்று தரப்படும் அடிப்படைத் தொகையில் வாடகைக்கு ஒதுக்க மிச்சம் இருக்கும் என்று எளிதில் கருதிவிட முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். வாடகையா சாப்பாடா என்ற நிலையில் சாப்பாட்டைத் தேர்ந்த எந்தப் பெற்றோரும் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும்.

தனியார் வாடகைதாரருக்குக் கால அவகாசமும் சற்றுக் கூடியிருக்கிறது. 2025 ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் வெளியேற்றும் நோட்டீஸ் ஒழிந்தது. நிலுவையைக் காட்டி வீட்டைக் கட்டாயமாகத் திரும்பப் பெற, முன்பு இரண்டு மாத வாடகை நிலுவை போதும். இப்போது மூன்று மாதம் வேண்டும். நோட்டீஸ் காலம் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரமாகியிருக்கிறது. இந்த அவகாசம் விண்ணப்பங்களுக்குப் பயன்படவேண்டியது. மூன்றாம் மாத நிலுவை வரை காத்திருப்பதற்கு அல்ல.

விசாவில் அரசு நிதி பெறத் தடை உள்ளவர்களுக்கு இந்த வரிசையே மாறுகிறது. மாணவர் விசா, வேலை விசா, துணைவர் விசா ஆகியவற்றில் வந்துள்ள பலர் இதில் அடங்குவர். கவுன்சில் டாக்ஸ் குறைப்பு அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. யுனிவர்சல் கிரெடிட் இல்லாததால் வாடகைப் பற்றாக்குறை உதவியும் கிட்டாது. வீடிழப்புத் தடுப்பில் இலவச ஆலோசனை மட்டுமே உண்டு. தனியாக வசிப்பவருக்கான 25 விழுக்காட்டுத் தள்ளுபடி அரசு நிதியாகக் கருதப்படுவதில்லை என்பதால் அதை அச்சமின்றிக் கேட்கலாம். குழந்தை உள்ள குடும்பம் உணவுக்கும் உறைவிடத்துக்கும் வழியற்றுப்போனால், 1989 ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 17 ஆம் பிரிவின் கீழ் கவுன்சிலின் சமூகப் பணிப் பிரிவு உதவ முடியும். இத்தகைய குடும்பங்கள் எந்த விண்ணப்பத்துக்கும் முன்பாகக் குடிவரவுச் சட்டம் அறிந்த ஆலோசகரிடம் பேசிவிடுவது அவசியம். தகுதியில்லாத உதவியைப் பெறுவது விசாவையே பாதிக்கலாம்.

எந்த உதவிக்கான மறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீடிழப்புப் பிரிவின் முடிவு தவறென்று கருதினால், அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கவேண்டும். அதிலும் மறுக்கப்பட்டால், சட்டப் பிழை இருக்கும் இடத்தில், மேலும் 21 நாட்களுக்குள் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போகலாம். ஷெல்ட்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு நிறுவனங்களும், அருகிலுள்ள லா சென்டர் என்ற சட்ட உதவி மையமும் இதற்குக் கட்டணமின்றி வழிகாட்டும். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடலாம்.