ஆஸ்திரோனேசிய மொழி அட்டைப் பெட்டி: வாங்கலாம், சுவர்ப்படத்தைத் திருத்திவிட்டு மாட்டுங்கள்

கோத்தகிரி பஜாரில் ஒரு புத்தகக் கடையில் 650 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே 72 சொல் அட்டைகள், ஒரு சுவர்ப்படம், ஒரு கையேடு. மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரை பரவிக் கிடக்கும், ஏறத்தாழ 1,200 மொழிகள் கொண்ட குடும்பத்தைத் தமிழிலேயே பாடமாக்கியிருப்பதற்கு முதலில் ஒரு பாராட்டு.

பெட்டியின் உயிர் அட்டைகளில்தான் இருக்கிறது. மலாய், மடகாஸ்கரின் மொழியான மலகாசி, இந்த இரண்டின் அட்டைகளை மட்டும் எடுத்து ஜோடி ஜோடியாக வையுங்கள். மரம்: காயு, ஹாஸு. தோல்: குலித், ஹுதிட்ர. மலாயில் முதலில் 'க' வரும் இடத்தில் மலகாசியில் 'ஹ' வருகிறது. அடுத்து ஐந்து: லிமா, திமி. தோலுக்கான சொல்லிலும் 'லி' இருந்த இடத்தில் 'தி'தான். இகரத்துக்கு முன் லகரம் இப்படி மாறும் என்ற விதியைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் பேசப்படும் மலகாசிக்கு நெருங்கிய சொந்தம் தெற்கு போர்னியோவின் மஆன்யான் மொழி என்று மொழியியலாளர் ஓட்டோ டால் 1951இல் காட்டியதும் இத்தகைய ஒப்பீட்டால்தான்.

வகுப்பு தொடங்குமுன் 'கப்பல்', 'கெடாய்' அட்டைகளை ஒதுக்கி வையுங்கள். கப்பல், கடை என்று மலாயில் பார்த்ததும் தமிழுக்கும் மலாய்க்கும் ரத்த உறவு என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவை வணிகத்தோடு போன கடன்சொற்கள். கையேடு இதைக் கடைசிப் பக்கத்தில்தான் சொல்கிறது.

எழுத்துப்பெயர்ப்பில் இரண்டு கோளாறு. 'திமி'யைத் 'திரை' போலப் படித்தால் விதியே மறைந்துவிடும். 'தினம்' போலப் படிக்க வேண்டும் என்று பென்சிலால் குறியுங்கள். மீனுக்கு ஃபிஜியிலும் மாவோரியிலும் 'இக்கா'. சமோவா அட்டையில் 'இயா' என்று இருக்கிறது. அங்கே யகரமே கிடையாது. ககரம் தேய்ந்து, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலியாகியிருக்கிறது. 'இ'அ' என்று திருத்துங்கள்.

சுவர்ப்படம்தான் பெரிய ஏமாற்றம். தைவானின் பழங்குடி மொழிகளை ஒரே கிளையாக வரைந்திருக்கிறார்கள். மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் 1999இல் முன்வைத்த வகைப்பாட்டில் முதன்மைக் கிளைகள் பத்து. அவற்றில் ஒன்பது தைவானிலேயே இருக்கின்றன. மலாய் முதல் ஹவாய் வரை மிச்சமெல்லாம் பத்தாவதான மலாய-பாலினேசியத்துக்குள் அடங்கும். தைவானுக்குச் சொந்தமான ஆர்க்கிட் தீவின் யாமி மொழியும் இந்தப் பத்தாவதில்தான் சேரும், ஏனென்றால் அது பிலிப்பைன்ஸின் பத்தானெஸ் தீவு மொழிகளுக்கு உறவு. படமோ நிலப்படத்தை நம்பி அதைத் தைவான் கிளையில் தொங்கவிட்டிருக்கிறது. 'மேற்கு மலாய-பாலினேசியம்' என்ற கிளையையும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். மற்ற பிரிவுகளில் சேராத மொழிகளை மொத்தமாகக் கட்டி வைத்த மூட்டை அது. அவற்றுக்கு மட்டும் பொதுவான புதுமாற்றம், அதாவது மூதாதை மொழியில் இல்லாமல் பிறகு சேர்ந்து ஏற்பட்ட மாற்றம், எதுவும் இல்லை.

புதுமாற்றம் ஏன் முக்கியம் என்று கையேடு ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த நீலகிரி மலையிலேயே உதாரணம் இருக்கிறது. செவிக்குக் கோத்தர் மொழியில் 'கெவ்', கன்னடத்தில் 'கிவி'. இரண்டிலும் ககரம் இருப்பதால் அவை ஒரே கிளை ஆகிவிடாது, பழைய ஒலியை இரண்டும் விட்டுவிடவில்லை, அவ்வளவுதான். ககரத்தைச் சகரமாக்கிய தமிழும் மலையாளமும் சேர்ந்து நிற்பதற்குத்தான் அந்த மாற்றம் சான்றாகும். இந்த ஒன்றைப் பலகையில் எழுதிவிட்டுப் படத்தைப் பிரியுங்கள்.

அட்டைகளுக்குப் பூச்சு இல்லை. கோத்தகிரியின் ஐப்பசி மழைக்கு ஓரம் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாங்கிய கையோடு லேமினேட் செய்துவிடுங்கள், பென்சில் திருத்தங்களை எல்லாம் முடித்த பிறகு.