முதலில் கேள்வியா, அட்டவணையா?

தேர்வில் அட்டவணையைக் கொடுத்துக் கணக்குக் கேட்டால் எதை முதலில் படிப்பது? கேள்வியை முதலில் படித்தால் நேரம் மிச்சம். சிங்கப்பூரின் நன்யாங் பல்கலைக்கழக மருத்துவப் படிப்புக்கு நம் பிள்ளைகள் எழுதும் யூகேட் (UCAT) நுழைவுத் தேர்வின் கணக்குப் பகுதியில் 36 கேள்விக்கு 26 நிமிடம்தான். அட்டவணையில் தேவையான வரிசைக்கு நேரே போய்விடலாம். கேள்வி தெளிவாக இருக்கும்வரை இதில் குறையில்லை.

வார்த்தை வழுக்கும் இடத்தில்தான் ஆபத்து. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. "எவ்வளவு குறைந்தது?" என்று கேட்டால் 0.8 விழுக்காட்டுப் புள்ளி (3.3இல் 2.5ஐக் கழித்தால்) என்பதும் சரி, ஏறக்குறைய 24 விழுக்காடு (3.3இல் 0.8 எத்தனை பங்கு என்று பார்த்தால்) என்பதும் சரி. எதைக் கேட்கிறார்கள் என்பதை விடைத் தெரிவுகளின் அலகுதான் காட்டிக்கொடுக்கும். "தமிழ் பேசுவோர் எண்ணிக்கை குறைந்ததா?" என்றால், இந்த இரண்டு விழுக்காட்டை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது, மொத்த மக்கள்தொகையும் வேண்டும்.

அட்டவணையை முதலில் பார்ப்பவர் இந்தக் குழியில் அவ்வளவு எளிதில் விழமாட்டார். எடுத்துக்காட்டாக, மேலே சொன்ன மொழி விழுக்காடுகள் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கு மட்டுமே. வேலை அனுமதியில் இங்கே இருக்கும் நம் ஊர்த் தொழிலாளர்கள் இதில் இல்லை. தலைப்பையும் அடிக்குறிப்பையும் தாண்டிப் போனவருக்கு அது தெரியாது. ஆனால் எண்களை ஒவ்வொன்றாக மேய்ந்தால் நேரம் போய்விடும்.

என் பிள்ளைக்குச் சொல்வதானால் அட்டவணைதான் முதலில்: தலைப்பு, அலகு, அடிக்குறிப்பு மட்டும். எண்களைக் கேள்விக்குப் பிறகு தொட்டால் போதும்.